டு கோயின் களிமண்ணில் நூறு சுற்று

அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே (தொழிலாளர் தின) விடுமுறை நெருங்கினாலே எனக்குப் பல்லுக்கிடையில் மண் நறநறக்கிறது.

இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேலில் படிக்கப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாள் விடுமுறை, கையில் காசு இல்லை, ஊரில் யாரையும் தெரியாது. நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த வீட்டில் மூத்தவரான மதுரை அண்ணன், "கிளம்புங்கடா, கார் பந்தயம் பார்க்கலாம்" என்று தன் பழைய காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். வடக்கே சுமார் இருபது மைலில் டு கோயின் என்ற ஊர். அங்கே நடக்கும் பொருட்காட்சி லேபர் டேயோடு முடியும். ராட்டினம், வறுத்த சோளம், மாட்டுக் கொட்டகை எல்லாம் தாண்டி கேலரியில் போய் உட்கார்ந்தோம்.

எதிரே ஒரு மைல் சுற்றளவுக்கு வெறும் மண். தார் கிடையாது. 1957 முதல் 1980 வரை ஹாம்பிள்டோனியன் என்ற பேர்போன குதிரை வண்டிப் பந்தயம் நடந்ததும் இதே தடத்தில்தான், நம்மூர் ரேக்ளா மாதிரி. இதில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஸ்டாக் கார்கள், அதாவது சாலைக் கார் வடிவப் பந்தயக் கார்கள், எப்படி ஓடும் என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் தண்ணீர் லாரி வந்தது. அப்புறம் வண்டிகள் மெதுவாகச் சுற்றிச் சுற்றி மண்ணை அழுத்தின. பக்கத்தில் ஒரு பெரியவர், அந்தப் பக்கத்து விவசாயி. 1960-இல் கார் பந்தய வீரர் ஏ. ஜே. ஃபாய்ட் தன் முதல் பெரிய வெற்றியை இங்கே பெற்றபோது அப்பாவோடு வந்திருந்தாராம். 1948-இல் இன்னொரு பந்தய வீரர் டெட் ஹார்ன் உயிரை விட்டதும் இந்தத் தடத்தில்தான் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

கொடி அசைந்தது. அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. இடப்பக்க வளைவுக்கு ஓட்டுநர்கள் சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்தார்கள்! பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போக, வண்டி பக்கவாட்டிலேயே வளைவைக் கடந்தது. முப்பது வண்டி வரிசையாக அப்படிச் சாய்ந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றவன் உட்காரவே இல்லை.

ஒரு மண்கட்டி பறந்து வந்து படிக்கட்டில் விழுந்தது. பெரியவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். ஓரம் உதிர்ந்தது, நடு மட்டும் பிசுபிசுத்தது. "காய்கிறது, இனி ஒரே தடம்தான், முந்துவது கஷ்டம்" என்றார். சொன்னபடியே ஈரம் காயக் காய, அகலமாக ஓடியவர்கள் ஒரே கோட்டுக்குள் நெருக்கியடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தாத்தா திருவையாற்று வயலில் உழவுக்கு முன் அப்படித்தான் கட்டியை நசுக்கிப் பதம் பார்ப்பார்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போன் பேசினேன். யார் ஜெயித்தது, எவ்வளவு வேகம் என்று தாத்தா எதுவும் கேட்கவில்லை.

"ஓட்டத்துக்கு எவ்வளவு முன்னாடி தண்ணி விட்டாங்க?" என்றார்.