அசையாமல் நின்ற 240

நான் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஒரு நைட் டியூட்டியில் இரண்டு மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பால் இறங்கவில்லை, வாய் வைத்ததுமே வியர்த்துக் கொட்டுகிறது, ஓயாத அழுகை. வேறோர் இடத்தில் வயிற்றுப் பொருமல் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்டெத் வைத்தேன், இதயத் துடிப்பை எண்ணவே முடியவில்லை. மானிட்டரில் நிமிடத்துக்கு 240. என்னை அதிகம் உறுத்தியது அந்த எண் அசையாமல் நின்றதுதான். காய்ச்சல் குழந்தைக்கும் 180, 190 போகும், ஆனால் அழுதால் ஏறும், தூங்கினால் இறங்கும். இவள் அழுது ஓய்ந்த பிறகும் அதே 240. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன், ஈசிஜியில் எஸ்விடி, அதாவது இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் வரும் அதிவேகத் துடிப்பு.

துடிப்பைக் குறைக்க முதலில் ஐஸ், முகத்தில் படும் குளிர்ச்சி இதயத்தை மெதுவாக்கும். பையில் ஐஸும் தண்ணீரும் போட்டு நெற்றியிலும் கண் மேலும் சில வினாடிகள் வைத்தோம், மூக்கையும் வாயையும் மூடாமல். இரண்டு முறை செய்தும் இறங்கவில்லை. அப்புறம் அடினோசின், இதயத்தை ஒரு கணம் நிறுத்தி சரியான தாளத்துக்குக் கொண்டுவரும் ஊசி மருந்து. அது ரத்தத்தில் 10 வினாடிகூடத் தாங்காது, புறங்கை ஊசி வழியாகப் போட்டால் இதயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வீணாகிவிடும், அதனால் முழங்கை மடிப்பில் நரம்பு தேடிப் போட்டேன். 4 கிலோ எடைக்கு 0.4 மில்லிகிராம். த்ரீவேயில் (மூன்று வழி உள்ள குழாய் இணைப்பில்) ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் சலைன், மருந்து போன மறுநொடியே சலைன் போகணும், ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்கணும்.

அதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன்: "மானிட்டரில் கொஞ்ச நேரம் கோடு நேராப் போகும், பயப்படாதீங்கம்மா, திரும்ப வரும்." முன்பு ஒரு முறை இதைச் சொல்லாமல் விட்டு, ஒரு அப்பா அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. கோடு நேரானது, அந்த அம்மா என் தோளை இறுகப் பிடித்தார், பிறகு 150.

வீட்டுக்கு ப்ரொப்ரனலால் எழுதினார்கள், வேகத் துடிப்பு திரும்ப வராமல் தடுக்கும் மருந்து. பால் குடிக்காத நேரத்தில், வாந்தி எடுக்கும்போது அதைக் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், கொடுக்காமல் முதலில் எங்களுக்குப் போன் பண்ணுங்கள் என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். குழந்தையின் நெஞ்சில் காது வைத்து எண்ணவும் அம்மாவைப் பழக்கினேன், எண்ண முடியாத வேகம் என்றால் உடனே கிளம்பி வரணும். கிளம்பும் நாளில் அவரே எண்ணி "136 சிஸ்டர்" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன், 138.