புதுப்பிப்பு: 43 வயதில் மாதவிடாய் முன்கூட்டியே வந்ததற்கான காரணம்

மாதவிடாய் சில மாதங்களாக முன்கூட்டியே வருவது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலர் சொன்னபடி தைராய்டு பரிசோதித்ததில் அது சரியாகவே இருந்தது. ஸ்கேனில் கட்டியும் இல்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலமாக இருக்கலாம் என்று ஒரு சகோதரி எழுதியிருந்ததே பொருந்தியது. இந்த வயதில் கருமுட்டை இருப்பு குறையக் குறைய எஃப்.எஸ்.எச். (கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்) சுரப்பு கூடி, முட்டை சீக்கிரமே முதிர்ந்துவிடுவதால் சுழற்சியின் முற்பாதி சுருங்குகிறது என்றும், முட்டை வெளியான பின் வரும் ஏறத்தாழ 14 நாட்கள் அவ்வளவாக மாறுவதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார்.

எதிர்பாராத விஷயம், ஹீமோகுளோபின் 9.4 ஆக இறங்கியிருந்தது. இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் (அதோடு தேநீர் கூடாதாம், அதுதான் கஷ்டம்). 21 நாட்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்தாலோ, இடையில் உதிரம் பட்டாலோ வயதைக் காரணம் காட்டி விட்டுவிடாமல் பரிசோதிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.