அயனாவரம் குடும்பம் 🏠

அம்மா: தேன்மொழிக்கு பி.எஸ்சி. நர்ஸிங் ரிசல்ட் வந்துவிட்டது. முதல் வகுப்பு 🙏 மேலே பொதுச் சுகாதாரம் படிக்கணுமாம். சரவணா, நீதான் வழி சொல்லணும்.

பெரியப்பா: வாழ்த்துகள் கண்ணு. கொசு மருந்து அடிக்கிற வேலைதானே அது? அதற்கு எதற்கு இன்னொரு டிகிரி?

சரவணன் அண்ணா: எந்தத் தெருவில் அடிக்கணும், அடித்தபின் காய்ச்சல் குறைந்ததா என்று கணக்குப் பார்க்கத்தான் பெரியப்பா 😄

பெரியப்பா: நம் தெரு அந்தக் கணக்கிலேயே இல்லை போல.

நான்: அண்ணா, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை), எம்.எச்.ஏ. எது நல்லது? காலேஜ் மேடம் எம்.எஸ்சி. நர்ஸிங் போகச் சொல்கிறார்.

சரவணன் அண்ணா: எம்.எச்.ஏ. ஆஸ்பத்திரி நிர்வாகம். படுக்கை, பில்லிங், இன்சூரன்ஸ். நீ கேட்பது அது இல்லை. எம்.எஸ்சி.யில் கம்யூனிட்டி ஹெல்த் நர்ஸிங் எடுத்தால் நர்ஸிங் காலேஜில் பாடம் நடத்தப் போகலாம். நோய் எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று துரத்தணும் என்றால் எம்.பி.எச். இரண்டு வருடம். எபிடெமியாலஜியும் (நோய்ப் பரவல் பற்றிய பாடம்) புள்ளியியலும் விடாமல் வரும்.

கல்பனா சித்தி: புள்ளியியலா? பிளஸ் டூ கணக்குக்கே அழுதவள் 🤭

நான்: சித்தி!!

சரவணன் அண்ணா: நானும் அழுதவன்தான். இன்னும் அழுகிறேன்.

அம்மா: எங்கே படிக்கிறது? ஹாஸ்டல் என்றால் யோசிக்கணும்.

சரவணன் அண்ணா: அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மிலும் உண்டு. வெளியூர் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். 1997-லேயே எம்.பி.எச். தொடங்கிய இடம். தகுதி இடத்துக்கு இடம் மாறும், சில இடத்தில் வேலை அனுபவம் கேட்பார்கள். பணம் கட்டும் முன் அதைப் படி.

பெரியப்பா: முடித்தால் மாநகராட்சியில் ஹெல்த் ஆபீசரா?

சரவணன் அண்ணா: அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட ஊர் நம்முடையது, ஆனால் அந்த நாற்காலி டாக்டருக்குத்தான். இவளுக்கு ஆராய்ச்சி, அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள். நிறைய வேலை ஒப்பந்தத்தில்தான். அதை நம்பிப் பெரிய லோன் வேண்டாம்.

அம்மா: இது தெரிந்துமா இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?

நான்: மூன்றாம் வருடம் புளியந்தோப்பில் வீடு வீடாகப் போனோமே அம்மா. ஒரு பாட்டி வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். தொட்டி, குடம் எல்லாம் சுத்தம். கடைசியில் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டில் புழு நெளிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெரியப்பா: பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டு இருக்குமா??

பெரியப்பா: இருக்கிறது. புழுவும் இருக்கிறது. கண்ணு, நாளைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ.