ஹெட்ஃபோன்ல கேக்குறதும் கூட்டமா பாடுறதும் ஒண்ணா?

கேள்வி: மனசு சரியில்லன்னா ஹெட்ஃபோன மாட்டிட்டு பாட்டு கேப்பேன், கொஞ்சம் லேசாயிடும். குரூப்பா பாடுனா இன்னும் நல்லதுங்குறாங்க, எனக்கோ சுருதியே நிக்காது. நெஜமாவே வித்தியாசம் இருக்கா?

பதில் 1: இருக்குங்க. பாடும்போது சட்டுனு மூச்ச இழுத்து வரி முடியுற வரைக்கும் மெதுவா விடுறோம்ல, அப்ப இதயத் துடிப்பு குறையும், எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு வாங்குறதால துடிப்பும் சேந்தே ஏறி எறங்குதுன்னு 2013ல ஸ்வீடன் கோதன்பர்க் யுனிவர்சிட்டிக்காரங்க அளந்து காட்டிருக்காங்க.

பதில் 2: சுருதிய விடுங்க ப்ரோ, கும்பல்ல யாருக்கு கேக்கப்போகுது 😄 எங்க குரூப்ல மொத நாள் யாரும் பேரு கூட கேக்கல, பக்கத்துல இருந்தவர் பாட்டு பேப்பர என் பக்கம் தள்ளி வச்சாரு, அப்டியே பழகிட்டோம்.

பதில் 3: தூக்கம் வராத ராத்திரிக்கு ஹெட்ஃபோன்தான். ஆனா சோகப் பாட்டே ஓடி மனசு இன்னும் கனத்துச்சுன்னா லிஸ்ட்ட மாத்துங்க.