கந்தப்பளைக் குளிரில ஓட்ஸ் பாண்: தெர்மோமீட்டர் 93ஐத் தாண்ட மாட்டேங்குது

கந்தப்பளைக்காரி:
வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு சீனி வருத்தம். கிளினிக்ல வெள்ளைப் பாணைக் குறைச்சு ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாங்க. கஞ்சியாக் காய்ச்சிக் குடுத்தா, "காய்ச்சக்காரிக்குக் குடுக்கிறத எனக்கு ஏன் தாற"ன்னு கோப்பையத் தள்ளி வெச்சிருது. நாப்பது வருசம் மலையேறிக் கொழுந்தெடுத்த மனுசி. காலையில பாணும் சம்பலும் இல்லாட்டி அன்னைக்கு முழுக்க முகம் கோணித்தான் இருக்கும். அதனால ஓட்ஸைப் பாணுக்குள்ள ஒளிச்சுக் குடுப்போம்னு இறங்கினேன்.

முதல் தடவை ஓட்ஸை அப்படியே மாவோட போட்டுப் பிசைஞ்சேன். கையெல்லாம் ஒட்டுச்சு. ஒட்ட ஒட்ட மாவை அள்ளி அள்ளிப் போட்டேன். வந்தது பாணில்ல, அம்மிக்கல்லு. மகன் அதைத் தட்டிப் பார்த்துட்டு, கேட்டுக்கு அண்டக் குடுக்கலாம்னான்.

ரெண்டாவது தடவை ஒரு கப் ஓட்ஸுக்கு ரெண்டு கப் தண்ணி விட்டுக் கஞ்சியாக் காய்ச்சி, ஆற வெச்சு, மூணு கப் கோதுமை மாவு, ஈஸ்ட், உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) சேர்த்தேன். செய்முறையில போட்டிருந்தபடி ஒரு மணித்தியாலம் மூடி வெச்சேன். மேசை மேல வைக்கிற சின்னக் கரண்ட் அடுப்பு, 'அவன்'னு சொல்வாங்களே, அதுதான் என்கிட்ட இருக்கு. நடுவுல 96 டிகிரி வந்தா வெந்துருச்சுன்னு எழுதியிருந்திச்சு. தம்பி வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த தெர்மோமீட்டரைக் குத்தினேன். 93ல நின்னது நின்னதுதான். இன்னும் பத்து நிமிசம், இன்னும் பத்து நிமிசம்னு வெச்சதுல மேல் தோல் கரிக்கட்டை. உள்ள பார்த்தா களி! அம்மா அதைச் சுடச்சுட வெட்டி, விரல்ல உருட்டிக் காட்டுச்சு.

தெர்மோமீட்டர் பழுதா, அவன் பழுதா, இல்ல நான்தானா?

ஊர்சுற்றி:
டவுன்ல பேக்கரி இருக்கே அக்கா. கரண்ட் பில்லையும் கொஞ்சம் பாருங்க.

போறணைத்தம்பி:
அக்கா, தெர்மோமீட்டரைத் தூக்கி எறிஞ்சிராதீங்க. கேத்தல்ல தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது அதுக்குள்ள விட்டுப் பாருங்க. கொழும்புல 100 காட்டும், உங்க ஊர்ல காட்டாது. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரம், கந்தப்பளையும் கிட்டத்தட்ட அந்த மட்டம்தான். அங்க காத்தழுத்தம் குறைவு, தண்ணி 94க்குக் கொஞ்சம் கீழயே கொதிச்சிரும். பாணுக்குள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் அதோட சூடு அதுக்கு மேல ஏறாது. நீங்க 96க்குக் காத்திருந்தது வராத பஸ்ஸுக்கு நின்ன கதை.

நான் கொழும்புப் பேக்கரியொண்ணுல எட்டு வருசம் போறணையில (பாண் சுடுற பெரிய அடுப்புல) நின்னுட்டு ஹட்டனுக்கு வந்தவன். முதல் மாசம் எனக்கும் எல்லாம் பிழைச்சுது. 91, 92 வந்ததும் அச்சிலிருந்து கவுத்து அடியில தட்டுங்க. வெறும் டின்னைத் தட்டின மாதிரி சத்தம் வந்தா வெந்துருச்சு. சின்ன அவன்ல மேல்கம்பி பாணுக்கு ரொம்பக் கிட்ட இருக்கும், அதனால இருபது நிமிசத்துக்குப் பிறகு மேல அலுமினியத் தாளை மூடுங்க.

களியானதுக்கு வேற ரெண்டு காரணம். ஒண்ணு, கஞ்சித் தண்ணி கூட. 100 கிராம் ஓட்ஸ், 400 கிராம் மா எடுங்க. ஓட்ஸ் மேல 250 மில்லி கொதிதண்ணிய ஊத்தி மூடி வைங்க, காய்ச்ச வேணாம். கைச்சூட்டுக்கு ஆறின பிறகுதான் ஈஸ்ட், சூட்டோட போட்டா செத்துரும். பிசையும்போது இன்னொரு 100 மில்லி தண்ணி போதும். ஒட்டினா மாவைத் தூவாம பத்து நிமிசம் விட்டுட்டு வாங்க, ஓட்ஸ் இன்னும் தண்ணி குடிக்கும். கோதுமை மாதிரி அது இழுபட்டுப் பொங்காது, அதனால கால்வாசிக்கு மேல போடாதீங்க. ரெண்டாவது காரணம் அம்மா. சுடச்சுட வெட்டினா எந்தப் பாணும் களிதான். ரெண்டு மணித்தியாலமாவது ஆறணும்.

பண்டாரவளை டீச்சர்:
மகள், தட்டையான ஓட்ஸ் வாங்குங்க. உடனே கரையிற சாதி பிசின் மாதிரிப் போயிரும். இன்னொன்று சொன்னால் கோபிக்காதீங்க. 400 கிராம் மா வெள்ளை மாதான், பாணியும் சீனிதான். ஓட்ஸ் பாண் என்று சொல்லி அம்மா நாலு துண்டு சாப்பிட்டுவிடக் கூடாது. கித்துள் பாணியை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தாலும் ஈஸ்ட் வேலை செய்யும்.

அப்பு மகன்:
எங்கப்பா துரை பங்களாவுல அப்புவா, அதாவது சமையல்காரரா இருந்தவர். பாணுக்கு மணிக்கூடு பார்த்ததே இல்ல. ராத்திரி மாவைப் பிசைஞ்சு சட்டியில போட்டு, ஈரத்துணி மூடி, குசினி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வெச்சிருவார். ஈஸ்ட் பாதிதான் போடுவார். விடியும்போது சட்டி நிறைஞ்சிருக்கும். ஜனவரிப் பனி கொட்டுற நாள்ல பழைய கம்பளியும் சுத்துவார்.

தம்பி சொன்ன உயரத்துல இன்னொரு விசயம் இருக்கு. காத்தழுத்தம் குறைவுன்னா மா லேசாப் பொங்கிரும், ஆனா நம்ம குளிர் அதை இழுத்துப் பிடிக்கும். அதனால எழுதி வெச்ச ஒரு மணித்தியாலம் நமக்குச் சரிவராது. விரலால அமுக்கிப் பாருங்க. குழி மெல்ல மெல்ல நிமிர்ந்தா அவனுக்கு ஏத்தலாம், சட்டுனு நிமிர்ந்தா இன்னும் பொறுக்கணும். குழி அப்படியே கிடந்தா நேரம் தவறிப் போச்சு.

கந்தப்பளைக்காரி:
கேத்தல்ல விட்டுப் பார்த்தேன் தம்பி. 93.5! பாவம், அதைப் போய்ப் பேசிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பிசைஞ்சு, அடுப்புப் பக்கம் வெச்சு, அம்மாவோட பழைய கம்பளியைச் சுத்தினேன். பாதி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி பாணி. விடிய அஞ்சரைக்குப் பார்த்தா மா துணியைத் தூக்கிட்டு நின்னுச்சு. இறாத்தல் அச்சு ரெண்டுல பிரிச்சுப் போட்டு, முக்கால் மணித்தியாலம் திரும்பப் பொங்க விட்டேன். 200ல பதினஞ்சு நிமிசம், தாளை மூடி 180ல இன்னொரு இருபத்தஞ்சு. ஒண்ணு நல்லா வந்துச்சு. மத்தது கம்பிக்குக் கிட்ட இருந்ததால ஒரு பக்கம் கறுப்பு, அதை நான் எடுத்துக்கிட்டேன்.

ஆறுற வரைக்கும் அம்மா வெட்டிராம இருக்கக் கத்தியை ஒளிச்சு வெச்சேன். ரெண்டு துண்டுதான் குடுத்தேன் டீச்சர், கட்டச்சம்பலோட. "என்னத்தப் போட்ட, உமி மாதிரி வாயில தட்டுப்படுது"ன்னு கேட்டுச்சு. ஓட்ஸ்னு சொல்லல, தேங்காய்ப்பூன்னு சொல்லிட்டேன். சாப்பிட்டு முடிச்சுட்டு மூணாவது கேட்டுச்சு.

ஊர்சுற்றி அண்ணே, பில் இன்னும் வரல. வந்ததும் சொல்றேன்.