கெரிஸ் உயர்ந்தது, குஜாங் தாழ்ந்ததா?

கதிரவன்:
இந்தோனேசியாவின் ஜாவா தீவில், ஜாவா மக்களின் கெரிஸ் என்னும் குறுவாளுக்கு நிகராக மேற்கு ஜாவாவில் வாழும் சுந்தா மக்களின் குஜாங் என்னும் கத்தியை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிக்கல் கலந்த இரும்பைச் சாதாரண இரும்போடு சேர்த்து மடித்து மடித்து அடித்து, அலகில் ‘பாமோர்’ என்னும் வரிக்கோலத்தை எழுப்புவது எம்பு என்னும் கொல்லரின் கலை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுக்கு கோயிலில் கொல்லுலையையே சிற்பமாக வடித்திருக்கிறார்கள்: ஒருபுறம் ஆயுதம் அடிக்கும் பீமன், மறுபுறம் துருத்தி இயக்கும் அர்ஜுனன், நடுவில் ஆனைமுகன். 2005இல் யுனெஸ்கோவும் கெரிஸுக்குச் சிறப்புச் செய்தது. குஜாங்கோ காட்டுப் புதரை வெட்டிய கத்தி.

தேன்மொழி:
உழவர் கையில் இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். அதனால் அது தாழ்ந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1518இல் எழுந்த ‘சங்யங் சிக்ஸகண்டங் கரேசியன்’ என்னும் பழஞ்சுந்தா நூல், வாளும் கெரிஸும் அரசனுக்கு உரியவை என்றும், குஜாங்கும் கோடரியும் களைக்கொத்தும் உழவனுக்கு உரியவை என்றும், வேறு சில கத்திகள் துறவிக்கு உரியவை என்றும் வகுக்கிறது. சுந்தா மக்கள் தங்கள் அடையாளத்துக்கு அந்த அரசனின் ஆயுதத்தை எடுக்கவில்லை. மேற்கு ஜாவா மாநிலச் சின்னத்தின் நடுவில் இருப்பது, அரிவாள்போல் வளைந்து அலகில் ஐந்து துளைகள் கொண்ட குஜாங்தான். பழைய சுந்தா அரசான பஜஜாரானின் தலைநகர் இருந்த போகோரில் அதற்கு நினைவுத்தூணே உண்டு.

கதிரவன்:
அந்த நூல் சுந்தா அரசனுக்கே கெரிஸை உரியதாக்குவதால், அதை ஜாவாவுக்கு மட்டும் சொந்தமாக்கிப் பேசியது என் பிழை. ஆனாலும் சடங்கின் ஆழம் வேறு. ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில் கெரிஸை எலுமிச்சைச் சாற்றில் துலக்கிப் பாஷாணம் பூசுகிறார்கள். இரும்பு கறுத்துப்போக, நிக்கல் வரிகள் மட்டும் வெள்ளியாய் மின்னும். அத்தகைய வழிபாடு குஜாங்குக்கு உண்டா?

தேன்மொழி:
பாமோர் ஓடும் குஜாங்குகளும் குலச்சொத்தாகப் பேணப்படுகின்றன. ஆனால் சடங்கைத் தேட வேண்டிய இடம் பேழையன்று, மலைச்சரிவு. சுந்தா மக்களில் ஒரு பிரிவினரான பாதுயி மக்களிடம் ‘கீடாங் தோன்றினால் குஜாங் இறங்கட்டும்’ என்ற பொருளில் ஒரு வழக்கு உண்டு. கீடாங் என்பது மான். நாம் மிருகசீரிடத்தை வைத்துப் பார்க்கும் அதே ஓரியன் விண்மீன் கூட்டம். வானில் அது தெரியும்போதுதான் மலைநெல்லுக்காகக் காடு திருத்தும் வேலையைத் தொடங்குகிறார்கள்.