பந்தில் தொடங்கிப் பாவையில் வந்து நிற்கிறேன்: அனிமேஷன் படித்த முதல் வருடம்

இந்த அனிமேஷன் குழுவில் பலர் கம்ப்யூட்டரில் அனிமேஷன் கற்கத் தொடங்கிய அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள். நான் காகிதத்தில் தொடங்கியவள், அதனால் என் பங்குக்கு அதை எழுதுகிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அனிமேஷன் படிக்கச் சென்னைக்கு வந்தேன். முதல் நாள் வகுப்பறையில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. வரிசையாகச் சாய்வு மேசைகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்கு அடியில் ட்யூப் லைட், பக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைத்தாள். "முதல் ஆறு மாசம் இதுதான்" என்றார் சார். ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னதும், "ஏம்மா, இவ்வளவு பணம் கட்டினது பேப்பர்ல படம் வரையவா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

முதல் பயிற்சி, ஒரு ரப்பர் பந்து மேலிருந்து விழுந்து துள்ள வேண்டும். திரையில் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடும், வரைந்த ஒரு படத்தையே இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் வினாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். சுலபம் என்று நினைத்துச் சம இடைவெளி விட்டு வட்டம் வட்டமாக வரைந்து கொடுத்தேன். தாள்களை விரலால் ஃபிளிப் பண்ணிப் பார்த்தால் பந்து விழவே இல்லை, கிணற்றில் வாளியை இறக்குவதுபோல மெதுவாக ஒரே வேகத்தில் இறங்கியது. சார் எதுவும் திருத்தவில்லை. ஒரு நிஜப் பந்தைக் கையில் கொடுத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். முதல் இடைவெளி ஒரு விரல் அளவு என்றால் அடுத்தது மூன்று விரல், அப்புறம் ஐந்து, ஏழு. பள்ளியில் புவியீர்ப்பு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே கணக்கு, இப்போது என் தாளில் வட்டங்களாக நின்றது. அப்புறம் தரையில் படும் அந்த ஒரே ஒரு படத்தில் பந்து நசுங்க வேண்டும், நசுங்கினாலும் அதன் கன அளவு குறைந்ததாகத் தெரியக்கூடாது, பக்கவாட்டில் அந்த அளவுக்கு விரிய வேண்டும். இது சரியாக வர எனக்குப் பதினான்கு நாள் ஆனது. டிஸ்னியில் வேலை பார்த்த ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிவைத்த 12 அடிப்படைகளில் இதுதான் முதல் பாடம் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதியில் வேலை செய்ய லைட் பாக்ஸ் (கீழிருந்து வெளிச்சம் கொடுத்து அடித்தாளின் படத்தை மேல்தாளில் தெரியவைக்கும் பெட்டி) இல்லை. ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே எல்.இ.டி. பட்டை என்று நானே செய்துகொண்டேன். தாள்களைப் பிடித்து நிறுத்தும் பெக் பார் மட்டும் வாங்கவில்லை, நான்கு மூலையையும் கையால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பையன் சுவர் ஏறிக் குதிக்கும் காட்சி, 48 படம், நான்கு நாள் உழைப்பு. ஐந்தாம் நாள் காலையில் போன கரண்ட் திரும்ப வந்தது, போகும்போது ஐந்தில் இருந்த ஃபேன் அதே வேகத்தில் சுற்றியது, 48 தாளும் அறை முழுக்கப் பறந்தன. ஒன்றில்கூட எண் போடவில்லை. பையன் சுவரின் உச்சிக்கு வரும் இடத்தில் படத்துக்குப் படம் வித்தியாசம் தலைமுடி அளவுதான். எது 22, எது 23 என்று கண்டுபிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். எப்படியோ அடுக்கி லைன் டெஸ்ட் (பென்சில் படங்களை வரிசையாகப் படம் பிடித்து ஓட்டிப் பார்ப்பது) எடுத்தால் பையன் தாவுவதை விட்டுவிட்டு நடுங்கினான். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக நிற்கவில்லை, காலையில் தொடங்கி மாலைவரை செல்போனில் படம் பிடித்ததால் ஜன்னல் வெளிச்சமும் ஏறி ஏறி இறங்கியது. (புதிதாக எடுப்பவர்கள் செல்போனில் எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) மாறாதபடி பூட்டிவிடுங்கள், ஜன்னலை மூடிவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள்.)

அந்த வாரம்தான் அனிமேஷன் வரலாற்று வகுப்பில் எமில் ரெய்னோ என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிய பாடம் வந்தது. சினிமா வருவதற்கு முன்பே, 1892 அக்டோபர் 28 அன்று, பாரிஸ் நகரத்து க்ரெவின் அருங்காட்சியகத்தில் திரையில் அசையும் ஓவியங்களைக் காட்டியவர். 'பாவம் பியரோ' என்ற கதைக்கு மட்டும் கையால் தீட்டிய 500 படங்கள், எல்லாம் நீளமான ஒரே பட்டையில். அதை அவரே கையால் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவார். அந்தப் பட்டையின் புகைப்படத்தைச் சார் பெரிதாக்கிக் காட்டினார். படத்துக்குப் படம் இடையில் ஒரு துளை. சக்கரத்தில் இருக்கும் முளை அந்தத் துளையில் மாட்டித்தான் ஒவ்வொரு படமும் அதன் இடத்துக்கு வந்து நிற்கும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் 48 தாளில் எது இல்லையோ அதை இந்த மனிதர் நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே யோசித்துவிட்டார். அன்று மாலையே ஒரு மரச்சட்டத்தில் இரண்டு முளை அடித்தேன், ஆபீஸ் பஞ்ச்சால் தாள்களுக்குத் துளை போட்டேன், ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் எண் எழுதினேன். இன்றைக்கும் அந்தச் சட்டத்தில்தான் வரைகிறேன்.

ரெய்னோவின் முடிவை இங்கே எழுதாமல் போக மனம் வரவில்லை. 1900 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் அவர் காட்சியைப் பார்த்தார்கள். லூமியேர் சகோதரர்களின் சினிமா வந்த பிறகு கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசியில் அவர் தன் கருவியை உடைத்தார், தீட்டிய பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் போட்டுவிட்டார். நான்கு நாள் வேலை கலைந்ததற்கே நான் அப்படி அழுதேன், வருடக்கணக்கில் தீட்டியதை ஒரு மனிதர் தன் கையாலேயே ஆற்றில் விட்டார் என்றால் என்ன மனநிலையில் இருந்திருப்பார்? அவர் காட்சி தொடங்கிய அக்டோபர் 28-ஐத்தான் இன்று உலக அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் வகுப்பில் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து நீளமான காகிதப் பட்டையில் ஆளுக்குப் பத்துப் படம் வரைந்தோம்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாய் நடக்கும் பயிற்சி. பின்னால் ஒரு மரமும் ஒரு பாறையும் இருக்க வேண்டும். அவற்றைத் தனியாக வரைந்து பின்னால் வைக்கக்கூடாது, ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டும் என்பது நிபந்தனை. 24 தாள், 24 மரம், 24 பாறை. பத்தாவது தாளுக்குள் பாறை எனக்கு வெறுத்துவிட்டது. போட்டுப் பார்த்தால் நாய் ஒழுங்காக நடந்தது, மரமும் பாறையும்தான் கொதிக்கும் தண்ணீர்போல அசைந்துகொண்டே இருந்தன. உடனே சார், வின்சர் மெக்கே என்ற அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் 1914-ல் எடுத்த 'டைனோசர் கெர்ட்டி' படத்தைப் போட்டுக் காட்டினார். அதிலும் கல்லும் கரையும் அதே மாதிரி மெல்ல அதிர்கின்றன! ஆயிரக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றிலும் பின்னணியை மறுபடி வரைந்திருக்கிறார்கள். அந்தப் பின்னணியைத் தடம்பார்த்து வரைந்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற ஓவிய மாணவர். கெர்ட்டி அழுவதையும் ஆடுவதையும் எல்லோரும் பார்ப்பார்கள், அதில் தவறில்லை, மெக்கே அந்த விலங்குக்கு அப்படி ஒரு பிடிவாதமும் கூச்சமும் கொடுத்திருக்கிறார். ஆனால் நான் அன்று முழுக்கப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைப்போல ஒரு மாணவர் உட்கார்ந்து ஆயிரம் ஆயிரம் முறை வரைந்த பாறை அது.

அதே 1914-ல் எர்ல் ஹர்ட் என்பவர், கண்ணாடிபோன்ற செல்லுலாய்ட் தகட்டில் பாத்திரத்தை மட்டும் வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 24 பாறை வரைந்த கைக்குத்தான் அந்தத் தகட்டின் அருமை தெரியும். இதை நான் தேர்வுக்காகப் படித்திருந்தால் ஒரு ஆண்டும் ஒரு பெயருமாக மட்டும் இருந்திருக்கும்.

அந்தத் தகடுகளில் மை போட்டதும் வண்ணம் அடித்ததும் பெரும்பாலும் பெண்கள். 1938-ல் டிஸ்னிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு, கார்ட்டூனுக்கான படைப்பு வேலைகளை இளைஞர்கள்தான் செய்கிறார்கள், பெண்களுக்கு அது கிடையாது என்று பதில் போயிருக்கிறது. அந்தக் கடிதம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேரில் ஏழு பேர் பெண்கள், அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரெட்டா ஸ்காட் பற்றித் தெரிந்தது. 1942-ல் வந்த 'பாம்பி'யில் பெண்மானை வேட்டைநாய்கள் துரத்தும் காட்சியை வரைந்தவர், டிஸ்னி படத்தில் அனிமேட்டர் என்று பெயர் வந்த முதல் பெண். அந்த நாய்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு நாயின் தோளும் ஒவ்வொரு விதமாக இயங்கும், என் நடைப் பயிற்சி நாய்க்குத் தோளே இல்லை என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

அதே 'பாம்பி'யில் வேலை பார்த்த க்ளேர் வீக்ஸ் இந்தியாவில் பிறந்தவர். 1956-ல் பம்பாய் வந்து அரசின் படத்தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனில் நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார், இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் அங்கேதான் கற்றுக்கொண்டார். அதற்கும் முன்னால், இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே, பணம் போடுகிறவரை நம்பவைக்க ஒரு பட்டாணிச் செடி வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்துக் காட்டினார். நானும் விடுதி ஜன்னலில் பச்சைப்பயறு முளைக்கவிட்டு, தூங்கும் நேரம் போக, அரை மணிக்கு ஒரு படம் என்று மூன்று நாள் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது முளை நிமிரும் முன் ஒருமுறை குனிந்தது. குதிக்கும் முன் குனிய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது உடனே ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன், பத்துத் தடவை பார்த்தேன் என்றார்.

இப்போது செய்துகொண்டிருப்பது நிழல் பாவைகளை வைத்து எடுக்கும் அனிமேஷன் படம். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர், ஒரு வங்கியாளர் போட்ஸ்டாமில் தன் கராஜுக்கு மேலே அமைத்துக் கொடுத்த இடத்தில், 1923-லிருந்து மூன்று வருடம் உட்கார்ந்து இளவரசர் அஹ்மத் கதையை எடுத்தார். இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கண்ணாடிமேல் படுக்கவைத்து, கீழிருந்து வெளிச்சம், மேலிருந்து கேமரா. அதைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயதில் நாகர்கோவில் பக்கம் அத்தை ஊர்க் கோயில் கொடையில் பார்த்த தோல்பாவைக்கூத்து ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஆட்டுத்தோலில் செய்த பாவைகள், வெளிச்சம் ஊடுருவி வண்ணம் தெரியும், ரைனிகருடையது முழுக் கறுப்பு.

விடுமுறையில் ஒரு கூத்துக் கலைஞரைத் தேடிப் போய், என் அட்டைப் பாவையைக் காட்டினேன். அதன் கை மூட்டை இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தேன். அவர் கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார், கை அசையவில்லை. "மூட்டுல ஒரு அரிசி நுழையற அளவு இடம் விடணும்மா, அப்பத்தான் குச்சியை இழுத்தா கை தானா ஆடும்" என்று சொல்லி, தன் அனுமன் பாவையை எடுத்து ஆட்டிக் காட்டினார், வீசிய கை அதுவாகவே இரண்டு முறை ஊசலாடி நின்றது. அவர் சொன்னபடி மூட்டைத் தளர்த்திக்கொண்டு சென்னைக்கு வந்து, கண்ணாடிமேல் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு முறை காலை நகர்த்தும்போதும் கை தானாகச் சரிந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அவருடைய பாவை பார்ப்பவர்கள் முன்னால் நேரடியாக ஆட வேண்டியது, என்னுடையது ஒவ்வொரு படத்துக்கும் அசையாமல் படுத்திருக்க வேண்டியது, ரைனிகர் ஈயத்தைச் சேர்த்தது இதற்காகத்தான் இருக்கும். எனக்கு ஈயம் வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார், அதனால் இப்போதைக்கு உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் பின்னால் தகரத் துண்டு ஒட்டியிருக்கிறேன், தோள் மூட்டு தளர்வாகவும் முழங்கால் இறுக்கமாகவும் இருக்கிறது. நேற்றுவரை 62 படம் எடுத்தாயிற்று, கை ஒருமுறைகூடச் சரியவில்லை.